சமயமும் பங்கீடும்: லெபனான் நாட்டுப் பூசல்களின் வரலாறு

தமிழில் ‘வகுப்பு’ என்னும் சொல் வகுத்தல் என்னும் தொழிலின் அடியாகப் பிறந்தது. அருணகிரிநாதரின் திருவகுப்பில் அது சந்தப் பாடலின் ஒரு வகையைக் குறித்தது. பள்ளிகளில் மாணவர் குழுவைக் குறித்து வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாண அரசியலில் ‘வகுப்புவாரி’ என வழங்கியபோது, சாதியும் சமயமும் சார்ந்த மக்கட் பிரிவைச் சுட்டலாயிற்று. ‘வகுப்புவாதம்’, ‘வகுப்புக் கலவரம்’ ஆகிய தொடர்கள் அதன்வழிக் கிளைத்தவை. இதனை ஒத்த பொருள்மாற்றம் அரபு மொழியில் ‘தாயிஃபா’ என்னும் சொல்லுக்கு நேர்ந்துள்ளது. உதுமானியப் பேரரசின் ஆவணங்களில் கைவினைஞர் கூட்டம், வணிகர் கூட்டம் எனக் குழுவாகச் சேர்ந்த எவரையும் அச்சொல் குறித்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர், லெபனான் மலைநாட்டில் அது சமயப் பிரிவை மட்டுமே குறிக்கும் ஆட்சித்துறைச் சொல்லாக இறுகியது. அதிலிருந்து தோன்றிய ‘தாயிஃபிய்யா’ என்னும் சொல், சமயப்பிரிவு அரசியலைக் குறிப்பதாகப் பின்னாளில் வழக்கூன்றியது.

சொல் இவ்வாறு சுருங்கியதற்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. லெபனானின் பூசல்களைக் கிறித்தவத்துக்கும் இசுலாத்துக்கும் இடையிலான தொன்மைப் பகையாகக் காண்பது செய்தித்தாள்களின் வழக்கம். வரலாற்று ஆவணங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. ஒவ்வொரு போரையும் முடிப்பதற்குச் செய்யப்பட்ட ஏற்பாடு, சமயப் பிரிவுகளுக்கிடையே ஆட்சியைப் பங்கிடுவதாகவே அமைந்தது. அப்பங்கீடே அடுத்த பூசலுக்குக் களமும் ஆயிற்று. இக்கட்டுரை அந்தத் தொடர்ச்சியை 1840 முதற்கொண்டு ஆராய்கிறது.

மலைநாடும் அதன் மக்களும்

மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில் கடலுக்கு இணையாக எழுந்து நிற்பது லெபனான் மலைத்தொடர். அதன் வடபகுதியில் மரோனியர் பெருந்தொகையினர். இவர்கள் சிரியாக் வழிபாட்டு மரபையுடைய, உரோமைத் திருச்சபையோடு உறவு பூண்ட கிறித்தவர்கள். தென்பகுதியில் துரூசுகள் செல்வாக்குடன் வாழ்ந்தனர். 11ஆம் நூற்றாண்டில் எகிப்தின் ஃபாத்திமியர் ஆட்சியில் இசுமாயிலி நெறியிலிருந்து கிளைத்த பிரிவு இவர்களுடையது. இவர்களன்றி சுன்னிகள், ஷியாக்கள், கிரேக்க ஆர்த்தடாக்சர், கிரேக்கக் கத்தோலிக்கர் ஆகியோரும் மலையிலும் அதன் அடிவாரத்திலும் இருந்தனர்.

பழைய நாளில் இம்மலைநாட்டின் அரசியல் அணிகள் சமயத்தை ஒட்டி அமையவில்லை என்பது முதன்மையாக நோக்கத்தக்கது. கைசி, யமனி என்னும் இரு கட்சிகள் நெடுங்காலம் மோதின. 1711இல் அயின் தாராப் போரில் யமனியர் வீழ்ந்தனர். பின்னர் ஜும்பிலாத்தியர், யஸ்பக்கியர் என அணிகள் பிரிந்தன. இந்த அணிகளில் துரூசும் மரோனியரும் இருபுறமும் கலந்தே நின்றனர். குடியானவன் எச்சமயத்தவனாயினும் தன் நிலக்கிழாருக்கு வரி செலுத்தினான். கிழார் எச்சமயத்தவராயினும் சக கிழாரோடு விருந்துண்டார். மேல் கீழ் என்னும் தகுதி வேறுபாடே இங்குப் பெரிய பிளவு. 1788 முதல் 1840 வரை சிற்சில இடைவெளிகளுடன் ஆண்ட அமீர் இரண்டாம் பஷீர், சுன்னி மரபிலிருந்து ஒரு கிளை மரோனியராக மாறிய ஷிஹாப் குடும்பத்தவர். அவர் எச்சமயத்தவர் என்பதை அவருடைய குடிகளும் அறுதியிட்டுக் கூற இயலவில்லை. அரைநூற்றாண்டு ஆட்சிக்கு அது தடையாகவும் இல்லை. பின்னாளில் எந்தக் குடியரசுத் தலைவருக்கும் இத்தகைய தெளிவின்மை வாய்த்ததில்லை.

இந்நிலையைக் குலைத்தது எகிப்தியர் ஆட்சி. 1831இல் முகம்மது அலியின் மகன் இப்ராகிம் பாஷா சிரியப் பகுதியைக் கைப்பற்றினார். படைக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு, புதிய வரிகள், ஆயுதப் பறிப்பு ஆகியவை தொடர்ந்தன. 1838இல் ஹவ்ரான் பகுதித் துரூசுகள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை அடக்குவதற்குக் கிறித்தவர்களுக்கு ஆயுதம் வழங்கப்பட்டது. அரசே ஒரு சமயத்தவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து மற்றொரு சமயத்தவர்மேல் ஏவியது. 1840இல் பிரித்தானியரும் பிற ஐரோப்பிய வல்லரசுகளும் துணைநிற்க உதுமானியர் மலையை மீட்டனர். பஷீர் நாடு கடத்தப்பட்டார். அவரால் துரத்தப்பட்டிருந்த துரூசுத் தலைவர்கள் திரும்பி வந்தபோது, தம் நிலங்களும் உரிமைகளும் பிறர் வசமாகியிருக்கக் கண்டனர். 1841இல் தைர் அல்-கமர் நகரில் மோதல் மூண்டது.

தீர்வு ஒன்று காணப்பட்டது. பெய்ரூட் – டமாஸ்கஸ் பாதையை எல்லையாகக் கொண்டு மலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடக்கே ஒரு கிறித்தவ ஆட்சியர். தெற்கே ஒரு துரூசு ஆட்சியர். 1843 முதல் இது நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் நேரான கோடு. நிலத்தில் அது பொருந்தவில்லை. தென்பாதியில் கிறித்தவர் ஏராளமாக வாழ்ந்தனர். துரூசுக் கிழாருக்கு வரி செலுத்தும் கிறித்தவக் குடியானவன் யாருடைய குடிமகன் என்னும் வினா எழுந்தது. வரித் தகராறாக இருந்தது சமயத் தகராறாக மாறும் வாயில் இங்கேதான் திறந்தது எனலாம். 1845இல் மீண்டும் மோதல். அதன் பின்னர் ஒவ்வோர் ஆட்சியருக்கும் துணையாகச் சமயப் பிரிவுகளின் சார்பாளர்கள் அமர்ந்த அவை ஏற்படுத்தப்பட்டது. பிரான்சு மரோனியர்க்கும், பிரித்தானியா துரூசுகளுக்கும், உருசியா ஆர்த்தடாக்சருக்கும் காவலராகத் தம்மைக் காட்டிக்கொண்டன. பெய்ரூட்டின் தூதரகங்களுக்கு மனு எழுதுவோர், தம்மை ஊரின் பெயராலோ குலத்தின் பெயராலோ குறிப்பிடுவதைவிடச் சமயத்தின் பெயரால் குறிப்பிடுவதே பயன் தந்தது. உசாமா மக்திசி 2000இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக எடுத்துக்காட்டுகிறது. சமயப்பிரிவு அரசியல் பழமையின் எச்சமன்று, சீர்திருத்தக் காலத்தின் விளைபொருள் என்பது அவர் முடிபு. அம்முடிபு பெரிதும் ஏற்கத்தக்கதே. எனினும் சமயநம்பிக்கைக்கு அவ்வரலாற்றில் உரிய இடத்தை அது சற்றே குறைத்து மதிப்பிடுகிறது என்பதும் சுட்டத்தக்கது. மரோனியத் திருச்சபைக்குத் தன்னளவில் ஒரு வரலாற்று நினைவும் நிறுவன வலிமையும் இருந்தன. தூதரகங்கள் அவற்றைப் படைக்கவில்லை.

1860

1858இல் கிஸ்ரவான் பகுதியில் ஒரு குடியானவர் எழுச்சி நிகழ்ந்தது. தானியூஸ் ஷாஹின் என்னும் எளிய குடியில் பிறந்தவர் அதற்குத் தலைமை தாங்கினார். எழுச்சியாளரும் மரோனியர், அவர்களால் விரட்டப்பட்ட காஸின் குடும்பக் கிழார்களும் மரோனியர். ஒரே சமயத்துக்குள் நிகழ்ந்த நிலவுரிமைப் போராட்டம் இது. இதன் செய்தி தெற்கே பரவியபோது அதன் பொருள் மாறிற்று. அங்கே கிழார்கள் துரூசுகள். ஆகவே கிழாருக்கு எதிரான முழக்கம் துரூசுகளுக்கு எதிரான முழக்கமாகக் கேட்கப்பட்டது. துரூசுக் குடியானவனும் தன் கிழாரோடு சேர்ந்து நின்றான்.

1860 மே மாத இறுதியில் போர் மூண்டது. ஹாஸ்பயா, ராஷயா, ஸஹ்லே, தைர் அல்-கமர் ஆகிய ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. உதுமானியக் காவற்படையை நம்பி ஆயுதங்களை ஒப்படைத்த கிறித்தவர்கள் அக்காவலிடங்களிலேயே கொல்லப்பட்டனர். ஹாஸ்பயாவில் கிறித்தவர்களோடு மடிந்தவர்களில் அவ்வூரை ஆண்ட ஷிஹாப் அமீர்களும் அடங்குவர். அவர்கள் சுன்னி முசுலிம்கள். சமயக் கணக்கு மட்டும் கொண்டு அந்தக் கொலையை விளக்க இயலாது.

சூலை 9ஆம் நாள் வன்முறை டமாஸ்கஸ் நகரைத் தொட்டது. மலையில் நிகழ்ந்ததற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. மலையில் நிகழ்ந்தது இரு படைகள் மோதிய போர். தொடக்கத்தில் இருதரப்பும் வெற்றியை எதிர்பார்த்தன. டமாஸ்கசிலோ ஆயுதமற்ற ஒரு நகர்ப்பகுதி சூறையாடப்பட்டது. ஐரோப்பியத் துணிகளின் வரவால் நெசவாளர் நலிந்திருந்தனர்; ஐரோப்பிய வணிகத்தின் இடைத்தரகர்களாகச் சில கிறித்தவக் குடும்பங்கள் செழித்திருந்தன. 1856ஆம் ஆண்டுச் சமவுரிமை ஆணை மற்றொரு மனக்குறையாக இருந்தது. கொல்லப்பட்டோர் பல ஆயிரவர்.

இந்நிகழ்வுக்குக் கிடைத்துள்ள சான்றுகளுள் மிகாயில் மிஷாகாவின் நினைவுநூல் தனித்துச் சொல்லத்தக்கது. 1800இல் பிறந்த அவர் தைர் அல்-கமரில் வளர்ந்தவர், மருத்துவர், கிரேக்கக் கத்தோலிக்கராயிருந்து சீர்திருத்தக் கிறித்தவராக மாறியவர், டமாஸ்கசில் அமெரிக்கத் துணைத்தூதராகப் பணியாற்றியவர். அன்று அவரும் தாக்கப்பட்டுக் காயமுற்றார். நண்பர்களின் வேண்டுகோளுக்கு விடையாக 1873இல் அவர் எழுதி முடித்த நூலில், தம்மைத் தாக்கியவர்களைப் போலவே தமக்கு அடைக்கலம் தந்தவர்களும் முசுலிம்களே என்பதை அவர் மறைக்கவில்லை. கிறித்தவத் தலைவர்களின் செருக்கையும் அவர் கடிந்துள்ளார். பாதிக்கப்பட்ட ஒருவர் எழுதிய நூலில் இத்தகைய நடுநிலை அரிது. அவரைக் காத்தோருள் தலையாயவர் அமீர் அப்துல் காதிர். அல்ஜீரியாவில் 1832 முதல் 1847 வரை பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்டு, சிறைப்பட்டு, 1855 முதல் டமாஸ்கசில் குடியிருந்தவர் அவர். தம் அல்ஜீரிய வீரர்களைத் தெருவுக்கு அனுப்பி ஆயிரக்கணக்கான கிறித்தவர்களைத் தம் மாளிகையில் சேர்த்தார். அவரை ஒடுக்கிய அதே பிரான்சு பின்னர் அவருக்கு உயர்விருது வழங்கிச் சிறப்பித்தது.

பன்னிரண்டு இருக்கைகள்

உதுமானிய வெளியுறவு அமைச்சர் ஃபுவாத் பாஷா விரைந்து வந்து டமாஸ்கசில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மரணதண்டனை விதித்தார். கடமை தவறிய ஆளுநர் அகமது பாஷாவும் அவர்களுள் ஒருவர். பிரெஞ்சுப் படை பெய்ரூட்டில் இறங்கியது. பிரித்தானியா, பிரான்சு, ஆஸ்திரியா, பிரஷ்யா, உருசியா ஆகிய ஐந்து நாடுகளின் ஆணையம் கூடி விவாதித்தது. 1861 சூன் 9இல் புதிய ஆட்சிச் சட்டம் பிறந்தது. மலைநாடு தனி ஆட்சிப்பகுதியாயிற்று. அதன் ஆளுநர் உதுமானியப் பேரரசின் கிறித்தவக் குடியாக, ஆனால் மலைநாட்டைச் சாராதவராக இருத்தல் வேண்டும். முதல் ஆளுநர் தாவூத் பாஷா ஓர் ஆர்மீனியக் கத்தோலிக்கர். கிழார்களின் சிறப்புரிமைகள் ஒழிக்கப்பட்டன. சட்டத்தின் முன் அனைவரும் சமம் எனப்பட்டது.

அதே சட்டத்தில் பன்னிருவர் கொண்ட நடுவண் அவையும் இடம்பெற்றது. ஆறு சமயப் பிரிவுகளுக்கும் தலைக்கு இரண்டு இருக்கைகள். 1864இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது மரோனியர்க்கு 4, துரூசுகளுக்கு 3, ஆர்த்தடாக்சருக்கு 2, கிரேக்கக் கத்தோலிக்கர், சுன்னி, ஷியா ஆகியோர்க்கு ஒவ்வொன்று என மாற்றப்பட்டது. இந்த மூன்றாண்டு இடைவெளியில் நிகழ்ந்த மாற்றம் சிறிதாகத் தோன்றினும் ஆழமானது. முதலாவது ஏற்பாட்டில் ஆறு பிரிவுகளும் எண்ணிக்கை நோக்காமல் சமமானவை. இரண்டாவதில் எண்ணிக்கையும் வலிமையும் இருக்கைகளைத் தீர்மானித்தன. அதற்குப் பின்னர் மக்கள்தொகை என்பது புள்ளிவிவரமாக மட்டும் இருக்க இயலாமற் போயிற்று. ஒருவரின் பிறப்பும் இறப்பும் புலம்பெயர்வும் அரசியலாயின.

இவ்வேற்பாடு அமைதியைத் தந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. 1915இல் ஜெமால் பாஷா அதனை முடிவுக்குக் கொண்டுவரும்வரை ஏறத்தாழ அரைநூற்றாண்டு பெரும்போர் இல்லை. பட்டுத்தொழில் வளர்ந்தது, பள்ளிகளும் அச்சகங்களும் பெருகின. தமிழ் வாசகர் நன்கறிந்த கலீல் கிப்ரான் 1883இல் பிஷர்ரி என்னும் மரோனியச் சிற்றூரில் பிறந்தது இவ்வாட்சிக் காலத்தில்தான். 1895இல் அவர் குடும்பம் பாஸ்டன் சென்றது. அவ்வாறு கடல் கடந்தோர் பெருந்தொகையினர். அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதே பின்னர் ஒரு பெரும் வழக்காயிற்று.

பதினொன்றின் மடங்குகள்

முதல் உலகப்போருக்குப் பின்னர் 1920 செப்டம்பர் 1இல் பிரெஞ்சுத் தளபதி கூரோ, மலையோடு திரிப்போலி, சைதா, சூர், பெக்கா சமவெளி, பெய்ரூட் ஆகியவற்றை இணைத்துப் ‘பெரிய லெபனானை’ அறிவித்தார். மரோனியத் தலைமை வேண்டிப் பெற்ற விரிவாக்கம் இது. பஞ்சத்தால் நொந்த மலைக்குச் சமவெளியின் தானியம் தேவைப்பட்டது. ஆனால் நிலத்தோடு அதில் வாழ்ந்த சுன்னி, ஷியா மக்களும் வந்தனர். கிறித்தவர் பெரும்பான்மை மயிரிழையில் தொங்கலாயிற்று.

1926ஆம் ஆண்டு அரசமைப்பின் 95ஆம் பிரிவு, அரசுப் பணியிலும் அமைச்சரவையிலும் சமயப் பிரிவுகள் நேரிய முறையில் இடம்பெறும் என்றது. அதுவும் ‘தற்காலிகமாக’ என்றே எழுதப்பட்டது. எப்போது முடியும் எனக் கூறப்படவில்லை. 1932இல் மக்கட்கணக்கு எடுக்கப்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 29 மரோனியர், 22 சுன்னிகள், 20 ஷியாக்கள் என்றும், கிறித்தவர் அனைவரும் சேர்ந்து பாதிக்குச் சற்று மேல் என்றும் முடிவு கூறியது. புலம்பெயர்ந்தோரைச் சேர்த்த முறை குறித்து அன்றே சர்ச்சை எழுந்தது. அதன் பின்னர் அந்நாட்டில் அரசு முறையிலான மக்கட்கணக்கு ஒருமுறைகூட எடுக்கப்படவில்லை.

1943இல் விடுதலை வந்தபோது பிஷாரா அல்-கூரி என்னும் மரோனியரும் ரியாத் அல்-சுல்ஹ் என்னும் சுன்னியும் எழுதப்படாத உடன்பாடு ஒன்றுக்கு வந்தனர். கிறித்தவர் பிரான்சின் காப்பை நாடுவதில்லை. முசுலிம்கள் சிரியாவுடன் இணைய நாடுவதில்லை. குடியரசுத் தலைவர் மரோனியர், தலைமையமைச்சர் சுன்னி, அவைத்தலைவர் ஷியா என்னும் மரபு நிலைபெற்றது. நாடாளுமன்றத்தில் கிறித்தவருக்கு ஆறு, முசுலிம்களுக்கு ஐந்து என்னும் விகிதம். இதன் விளைவை நாடாளுமன்றத்தின் அளவில் காணலாம்: 1943இல் 55 இடங்கள், 1951இல் 77, 1953இல் 44, 1957இல் 66, 1960இல் 99. தேர்தல்தோறும் அவை விரிந்தது, சுருங்கியது. பதினொன்றின் மடங்கிலிருந்து மட்டும் அது விலகவில்லை.

இந்திய வரலாற்றோடு ஒப்பிடுவோர் இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் முசுலிம்களுக்கெனத் தனி வாக்காளர் தொகுதிகளை அமைத்தது. லெபனானில் இருக்கைதான் சமயப் பிரிவுக்கு உரியது. தொகுதியின் வாக்காளர் அனைவரும் அவ்விருக்கைக்கு வாக்களிப்பர். ஆகவே வேட்பாளர் பிற சமயத்தாரின் வாக்கையும் நாடியாக வேண்டியிருந்தது. இந்நன்மை சிறிதன்று. ஆயினும் போட்டியிடும் தகுதியும் பதவியேறும் எல்லையும் பிறப்பால் வரையறுக்கப்பட்டன. திறமை மிக்க ஒரு ஷியா குடியரசுத் தலைவராதல் இயலாது. ஓர் ஆர்த்தடாக்சர் தலைமையமைச்சராதல் இயலாது. திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை ஆகியவை அவ்வப் பிரிவின் நீதிமன்றங்களுக்கு உரியவை. ஏற்பு பெற்ற 18 பிரிவுகளில் ஏதேனும் ஒன்றின் வழியாகவே குடிமகன் அரசை அடைகிறான். இரு சமயத்தார் பொதுச்சட்டப்படி மணம் செய்ய விரும்பினால் கடல் கடந்து சைப்பிரஸ் செல்வது வழக்கமாயிற்று.

அட்டையும் துப்பாக்கியும்

1958இல் உள்நாட்டுக் கலகம் ஒன்று எழுந்து அமெரிக்கப் படையின் வருகையோடு அடங்கியது. 1969இல் கெய்ரோ உடன்பாடு பாலத்தீன விடுதலைப் படையினர்க்கு லெபனான் மண்ணில் ஆயுதம் ஏந்தும் உரிமையை ஏற்றது. 1975 ஏப்ரல் 13இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1990 வரை நீடித்தது. அதன் தொடக்க மாதங்களில் சாலைகளில் தடுப்புகள் எழுந்தன. அடையாள அட்டையில் சமயப் பிரிவு அச்சிடப்பட்டிருந்தது. தடுப்பில் நின்றவன் அதனைப் படித்தான். படித்தபின் வழிவிட்டான் அல்லது கொன்றான். பங்கீட்டுக்காக எழுதப்பட்ட ஒரு சொல் மரண ஓலையாயிற்று.

போரில் மடிந்தோர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. ஆனால் அதன் போக்கைத் தொடர்ந்து நோக்கினால் சமயம் மட்டுமே கோடு கிழித்ததாகத் தெரியவில்லை. 1976இல் சிரியப் படை மரோனியத் தலைமைக்குத் துணையாகவே நுழைந்தது. இரண்டாண்டுக்குள் அவர்களோடே பொருதது. 1980இல் மரோனிய அணி ஒன்று மற்றொரு மரோனிய அணியைச் சஃப்ராவில் அழித்தது. 1988 முதல் அமல், ஹிஸ்புல்லா என்னும் இரு ஷியா இயக்கங்கள் ஒன்றையொன்று தாக்கின. 1990இல் கிறித்தவப் பகுதிக்குள் கிறித்தவப் படைகளுக்கிடையே மோதல் நிகழ்ந்தது. ஒரு பிரிவின் பெயரால் பேசும் உரிமை யாருக்கு என்பதே இச்சண்டைகளின் பொருள். ஆட்சியில் பங்கு பிரிவுக்கு உரியதாகும்போது, பிரிவைக் கைப்பற்றுபவன் பங்கையும் கைப்பற்றுகிறான்.

1989 அக்டோபர் 22இல் சவுதி அரேபியாவின் தாயிஃப் நகரில், 1972இல் தேர்ந்தெடுக்கப்பட்டு எஞ்சியிருந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓர் உடன்பாட்டை ஏற்றனர். ஆறுக்கு ஐந்து என்பது சரிபாதியாயிற்று. உடன்பாடு 108 இடங்களைக் கூறியது; 1992 தேர்தலில் அது 128 ஆக உயர்ந்தது. குடியரசுத் தலைவரின் அதிகாரத்தில் பெரும்பகுதி அமைச்சரவைக்குச் சென்றது. 1991இல் இயற்றப்பட்ட பொதுமன்னிப்புச் சட்டம் போர்க்காலக் குற்றங்களில் பெரும்பாலானவற்றை மன்னித்தது. படைத்தலைவர்கள் பலர் அமைச்சர்களாயினர். சமயப்பிரிவு அரசியலை ஒழிப்பது நாட்டின் அடிப்படை நோக்கம் என அரசமைப்பில் சேர்க்கப்பட்ட முகப்புரை கூறியது. அதற்கென ஒரு தேசியக் குழு அமைக்கப்படும் என 95ஆம் பிரிவும் திருத்தம் பெற்றது. அக்குழு அமைக்கப்படவில்லை.

அடையாள அட்டையிலிருந்து சமயப் பிரிவு நீக்கப்பட்டது. குடிப்பதிவேட்டில் அது நீடித்தது. 2009இல் பதிவேட்டிலிருந்தும் அதனை நீக்கிக்கொள்ள விரும்புவோர்க்கு உள்துறை அமைச்சர் சியாத் பாரூத் அனுமதி வழங்கினார். நீக்கிக்கொண்டவர் எந்த இருக்கைக்குப் போட்டியிடுவார், எந்த நீதிமன்றத்தில் மணப்பார் என்னும் வினாக்களுக்கு விடை இல்லை. 2019 அக்டோபரில் பொருளாதாரச் சரிவை ஒட்டி எழுந்த பேரெழுச்சியில் எல்லாப் பிரிவு மக்களும் தத்தம் தலைவர்களையும் சேர்த்தே குற்றம் சாட்டினர். எனினும் 2022 அக்டோபர் இறுதியில் குடியரசுத் தலைவர் பதவி வெறுமையானபோது, மற்றொரு மரோனியரைத் தேர்ந்தெடுக்க 2025 சனவரி 9 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தாயிஃப் உடன்பாட்டின் ஒரு கூறு கல்வி பற்றியது. நாடு முழுமைக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூல் ஒன்று இயற்றப்பட வேண்டும் என அது பணித்தது. குழுக்கள் பலமுறை அமர்ந்தன; வரைவுகள் எழுதப்பட்டன; ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு தரப்பு ஏதேனும் ஒரு சொல்லுக்கு உடன்படவில்லை. இதனால் லெபனான் பள்ளிகளில் நாட்டு வரலாறு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது. 1975ஐ மாணவர்கள் வீட்டில் கேட்டறிகின்றனர்.